சிட்சை என்றால் அடியா?

பிள்ளைகளைக் கர்த்தருக்கேற்ற சிட்சையில் வளர்க்கும்படி தகப்பன்மாருக்குச் சொல்லும் வேத வசனம் எபேசியர் 6:4. அதில் வரும் "கர்த்தருக்கேற்ற சிட்சை" என்ற தொடருக்கு "அதாவது தண்டனை" என்று விளக்கம் சொல்வதைப் பிரசங்கங்களிலும் பெற்றோருக்கான கைப்பிரதிகளிலும் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. மூன்று வயதுப் பிள்ளை பாலைக் கொட்டிவிட்டால் அடிக்கலாம், வேதமே சொல்லியிருக்கிறது என்று முடிப்பதற்கு இந்த ஒரு விளக்கம் போதுமாக இருக்கிறது.

சிட்சை என்பது வடமொழி சிக்ஷா. பக்ஷி பட்சி ஆனதுபோல, தீக்ஷை தீட்சை ஆனதுபோல இதுவும் ஆனது. கற்றல், கற்பித்தல் என்பதே அதன் முதற்பொருள். இந்தியில் இன்றும் அது கல்விதான். மலையாளத்திலும் தெலுங்கிலும் தண்டனைப் பக்கம் சாய்ந்துவிட்டது. தமிழில் இரண்டும் கலந்து கிடக்கின்றன. தண்டனையோ தண்டத்திலிருந்து வந்தது. தண்டம் என்றால் கோல். ஒரு சொல் கற்பதில் பிறந்தது, மற்றது தடியில் பிறந்தது. இரண்டையும் ஒன்றாக்குவது எப்படிச் சரியாகும்?

மூலத்துக்கு வருவோம். எபேசியருக்கு எழுதிய நிருபத்தில் அப்போஸ்தலன் பவுல் எழுதிய கிரேக்கச் சொல் பைதேயா. பிள்ளையைக் குறிக்கும் பைஸ் என்ற சொல்லிலிருந்து வந்தது. பிள்ளையை வளர்த்து ஆளாக்குவது முழுவதும் அதில் அடங்கும். இதே சொல்தான் 2 தீமோத்தேயு 3:16-இல் "நீதியைப் படிப்பிக்குதல்" என்று வருகிறது. மோசே எகிப்தியரின் சாஸ்திரங்களில் கற்பிக்கப்பட்டான் என்று அப்போஸ்தலர் 7:22 சொல்லும்போதும் அதன் வினைச்சொல்தான். அங்கே யாரும் பிரம்பைத் தேடுவதில்லை. பிள்ளைகளைப் பற்றிய வசனத்தில் மட்டும் ஏன் தேடுகிறோம்?

லூக்கா 23:16-இல் இயேசுவை விசாரித்த ரோம ஆளுநன் பிலாத்து இதே வினையைத் தண்டிப்பது என்ற பொருளில் சொல்கிறானே, எபிரெயர் 12-இல் சிட்சை வலியோடு வருகிறதே என்பார்கள். உண்மைதான், அந்தப் பொருளும் அதற்கு உண்டு. ஆனால் எபேசியர் வசனம் எப்படித் தொடங்குகிறது? "உங்கள் பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல்" என்று. கொலோசெயர் 3:21 அதற்குக் காரணமும் சொல்கிறது: பிள்ளைகள் மனந்தளர்ந்துபோகக் கூடாது. பிலாத்துவின் பொருளை எடுத்துத் தகப்பன் கையில் கொடுத்தால் வசனத்தின் முதல் பாதியை இரண்டாம் பாதி அடித்துவிடும்.

பழைய ஏற்பாட்டின் மூலமொழியான எபிரெயத்திலும் இதே கதை. சிட்சைக்கான மூசார் என்ற சொல் நீதிமொழிகள் 1:8-இல் "தகப்பன் புத்தி" ஆகிறது. 22:15-இல் "தண்டனையின் பிரம்பு" என்று தண்டனை ஆகிறது. அந்தப் பிரம்புக்கான ஷேபெத் என்ற சொல்லே சங்கீதம் 23:4-இல் கோலாகித் தேற்றுகிறது. மொழிபெயர்ப்பாளர் இடத்துக்கு ஏற்பச் சொல்லைத் தேர்ந்தெடுத்ததைக் குறை சொல்லவில்லை. ஒரே ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு மற்ற எல்லா இடங்களுக்கும் பொருள் சொல்பவர்கள்மேல்தான் என் கோபம்.

அப்புறம், சிட்சைக்கு மாற்றாக "ஒழுங்குபடுத்துதல்" என்று எழுதுகிறார்கள். வரிசையையும் போக்குவரத்தையும் ஒழுங்குபடுத்தலாம். தேவசாயலாகப் படைக்கப்பட்ட பிள்ளையை அப்படி அடுக்கி வைக்க முடியாது. "கண்டிப்பு" என்பதும் போதாது. அது தவறு நடந்த பிறகு வருவது. பைதேயா அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

எனக்குச் சரியாகப் படுவது "பயிற்றுதல்". பயிற்றுகிறவர் கூடவே இருக்கிறார், செய்து காட்டுகிறார், மறுபடியும் சொல்கிறார். பால் கொட்டினால் துணியை எடுத்துக் கொடுத்துச் சேர்ந்து துடைப்பது பயிற்றுதல். அடம்பிடித்து அழுகிற பிள்ளையிடம் குரலை உயர்த்தாமல், ஆனால் சொன்னதை மாற்றாமல் நிற்பதும் அதுதான். இதில் உறுதி குறைவு என்று யாராவது நினைத்தால், ஒரு நாள் முழுக்கச் செய்து பார்க்கட்டும்.

பழைய மொழிபெயர்ப்பில் சிட்சை அப்படியே இருக்கட்டும். புதிதாக எழுதுகிறவர்களும் ஆங்கிலப் பெற்றோர் நூல்களைத் தமிழாக்குகிறவர்களும் டிசிப்ளின் என்று கண்ட இடமெல்லாம் தண்டனை என்று போடுவதையாவது நிறுத்தலாம். டிசிப்ளினும் மாணவனைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான்; ஆங்கிலத்தில் சீஷனுக்கான சொல்லும் அதே வேரில் பிறந்தது. இயேசு தம் சீஷர்களைப் பயிற்றியது எப்படி என்று சுவிசேஷங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு எழுதட்டும்.