அணுக்கரு ஏற்பியா, உட்கரு ஏற்பியா?

கல்லீரல் கொழுப்பு பற்றிய ஒரு கட்டுரையில் 'அணுக்கரு ஏற்பிகள்' என்று இருந்தது. அதைப் படித்த என் சித்தப்பா, "இதுக்கும் அணு உலைக்கும் என்னடா சம்பந்தம்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஒரு சம்பந்தமும் இல்லை. 'நியூக்ளியர் ரிசப்டர்' என்பதில் உள்ள நியூக்ளியர், செல்லுக்குள் டிஎன்ஏ இருக்கும் இடத்தைச் சொல்கிறது. ரிசப்டர் என்பது, தன்மேல் ஒரு பொருள் வந்து ஒட்டினால் ஜீன்களை இயக்கும் புரதம்.

நியூக்ளியஸ் என்றால் லத்தீனில் கொட்டைக்குள் இருக்கும் பருப்பு. ராபர்ட் பிரவுன் 1831இல் ஆர்க்கிட் செடியின் செல்லுக்குள் கண்டதை அந்தப் பெயரால் அழைத்தார். ரதர்ஃபோர்டு அணுவின் மையத்தை விளக்கியது 1911இல். ஆக, உயிரியலில் இந்தச் சொல்லுக்கு வயது அதிகம். 'உயிரணுவின் கரு' என்பதைச் சுருக்கி அணுக்கரு என்றார்கள் என வாதாடலாம். ஆனால் இன்று அணுக்கரு என்றால் யாருக்கும் இயற்பியல்தான் நினைவுக்கு வரும். பள்ளிப் பாடநூலிலேயே உட்கரு என்ற நல்ல சொல் இருக்கிறது. இலங்கையில் வெறுமனே கரு என்கிறார்கள். அதுவும் போதும்.

ஏற்பி என்ற பாதியில் எனக்குக் குறையே இல்லை. ஏல் என்ற வினையிலிருந்து ஏற்பு, அதிலிருந்து ஏற்பி. ஏற்பது என்றால் வாங்கிக்கொள்வது மட்டுமல்ல, இசைவதும்தான். இந்தப் புரதம் செய்வதும் அதையே.

ராத்திரி சாப்பிடாமல் படுத்தால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கொழுப்புச் செல்கள் கொழுப்பு அமிலத்தை ரத்தத்தில் விடுகின்றன. அது கல்லீரலுக்கு வருகிறது. அங்கே பிபிஏஆர் ஆல்ஃபா என்ற உட்கரு ஏற்பி, ஆர்எக்ஸ்ஆர் என்ற இன்னோர் ஏற்பியோடு ஜோடி சேர்ந்து டிஎன்ஏ மேல் உட்கார்ந்திருக்கும். கொழுப்பு அமிலம் அதன் குழிக்குள் நுழைந்ததும் ஏற்பியின் வடிவம் லேசாக மாறுகிறது. அதுவரை ஒட்டிக்கொண்டு ஜீனை அடக்கி வைத்திருந்த புரதம் விலக, வேறொரு புரதம் வந்து ஒட்டுகிறது. டிஎன்ஏ இழை சுற்றிக்கொண்டிருக்கும் ஹிஸ்டோன் என்ற புரதங்களின் பிடி தளர்கிறது. கொழுப்பை எரிக்கும் நொதிகளுக்கான ஜீன்கள் வேலையைத் தொடங்குகின்றன.

ஒட்டி விலகும் இந்தப் புரதங்களைத்தான் 'கோஃபாக்டர்' என்கிறார்கள். இதைத் துணைக்காரணி என்று பெயர்த்தால் குழப்பம் வரும். நொதிக்கு உதவும் துத்தநாகம் போன்றவற்றுக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே போய்விட்டது. அதனால் அடக்குவதைத் துணை ஒடுக்கி என்றும், முடுக்குவதைத் துணை ஊக்கி என்றும் பிரித்துச் சொல்வதே தெளிவு. துணை ஊக்கிகளில் பேர் பெற்றது பிஜிசி-1 ஆல்ஃபா. 1998இல் எலியின் பழுப்புக் கொழுப்பில் கண்டுபிடித்தார்கள். எலியைக் குளிரில் வைத்தால் இதன் அளவு ஏறுகிறது, கொழுப்பு எரிந்து உடல் சூடாகிறது.

மனித உடலில் உட்கரு ஏற்பிகள் 48. அதில் பிபிஏஆர் என்ற பெயரை மட்டும் மொழிபெயர்க்க வேண்டாம் என்பேன். 'பெராக்சிசோம்களைப் பெருக்கும் பொருளால் தூண்டப்படும் ஏற்பி' என்பது அதன் விரிவு. 1990இல் எலி ஆய்வில் வைத்த பெயர் அது. சில மருந்துகளைக் கொடுத்தால் எலியின் கல்லீரலில் பெராக்சிசோம்கள், அதாவது செல்லுக்குள் கொழுப்பு அமிலத்தை உடைக்கும் சிறு பைகள், பெருகின. மனிதக் கல்லீரலில் அப்படிப் பெருகுவதாகத் தெரியவில்லை. பொருந்தாத பெயரை மெனக்கெட்டுத் தமிழாக்கி என்ன பயன்?

சித்தப்பாவுக்கு இவ்வளவையும் சொல்லி முடித்தேன். அப்புறம் அவருடைய சர்க்கரை மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். பயோகிளிட்டசோன். அது போய் ஒட்டுவது பிபிஏஆர் காமாவில், கொழுப்புச் செல்லின் உட்கருவுக்குள். அது ரத்தத்தில் திரியும் கொழுப்பைத் தோலுக்கடியில் ஒதுக்கி வைத்து, இன்சுலின் சரியாக வேலை செய்ய வழி விடுகிறது. "அதனாலதான் எடை கூடுச்சா?" என்றார். அதுவும் ஒரு காரணம்தான் என்றேன்.