நியூஜெர்சி கவுன்டி கோர்ட்டில் ஒரு ‘அஃபீஷியல் மிஸ்கான்டக்ட்’ வழக்கு எப்படி முடிகிறது?

“ஜெயில் உண்டா சார்?” அரசு ஊழியர் மீது ‘அஃபீஷியல் மிஸ்கான்டக்ட்’ வழக்கு என்றதும் குடும்பத்தார் முதலில் கேட்பது இதைத்தான். வேலை, பென்ஷன், கிரீன் கார்டு பற்றிய கேள்விகள் கொஞ்ச நாள் கழித்துத்தான் வரும். நான் வக்கீலாக இருக்கும் நியூஜெர்சியில் இந்த வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். சிறையைப் பல வழக்குகளில் பேசிக் குறைக்கலாம், தவிர்க்கவும் செய்யலாம். வேலையைக் காப்பாற்றுவதுதான் கிட்டத்தட்ட நடக்காத காரியம்.

முதலில் குற்றம் எது என்று பார்ப்போம். தனக்கோ வேறொருவருக்கோ ஆதாயம் தேடவோ, இன்னொருவருக்குத் தீங்கு செய்யவோ, அரசுப் பணியில் இருப்பவர் தன் அதிகாரத்துக்கு உட்படாத ஒன்றை, அப்படித்தான் என்று தெரிந்தே, பதவியின் பெயரால் செய்வது ஒரு வகை. அதே நோக்கத்தோடு, செய்தே ஆக வேண்டிய கடமையைத் தெரிந்தே செய்யாமல் விடுவது மற்றொரு வகை. லஞ்சம் கைமாற வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. “ஒரு டாலர்கூட வாங்கவில்லையே” என்பது மனசுக்கு ஆறுதலாக இருக்கலாம், சட்டப்படி பதில் ஆகாது. வேலை செய்யாத மணி நேரத்தை டைம்ஷீட்டில் எழுதுவது, தெரிந்தவருக்காக ஒரு பெர்மிட்டை முன்னால் நகர்த்துவது, அரசு டேட்டாபேஸில் பழைய சிநேகிதியின் முகவரியைத் தேடுவது என எல்லாமே இந்தப் பிரிவுக்குள் வரக்கூடும்.

நம் ஆட்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. இந்தச் சட்டத்தில் ‘அரசுப் பணியாளர்’ என்றால் சம்பளப் பட்டியலில் இருப்பவர் மட்டும் இல்லை. அரசுக்குரிய ஒரு பணியை ஆலோசகராகவோ கன்சல்டன்ட்டாகவோ இருந்து நிறைவேற்றுபவரையும் சட்டத்தின் விளக்கம் உள்ளே இழுக்கிறது. மாநிலத் தலைநகர் ட்ரென்டனில் மாநிலத் துறைகளின் ப்ராஜெக்ட்டில் உட்கார்ந்திருக்கும் தமிழர்கள் நிறையப் பேர். “நான் வெண்டர் கம்பெனி ஆள்தானே” என்று நிம்மதியாக இருக்க முடியாது.

இப்போது தண்டனை. பொதுவாக இது இரண்டாம் நிலைக் குற்றம், 5 முதல் 10 ஆண்டு. ஆதாயத்தின் மதிப்பு 200 டாலர் அல்லது அதற்குக் கீழே என்றால் மூன்றாம் நிலை, 3 முதல் 5 ஆண்டு. பணமாக அளக்க முடியாத ஆதாயம் என்றால் குறைந்த நிலை கிடைக்கும் என்று நினைப்பவர்கள் ஏமாறுவார்கள், அதையும் நீதிமன்றங்கள் இரண்டாம் நிலையிலேயே வைத்திருக்கின்றன. இதற்கெல்லாம் மேலே 2007-ல் வந்த சட்டம் ஒன்று இருக்கிறது. இரண்டாம் நிலை என்று தீர்ப்பானால், பரோலே இல்லாமல் 5 ஆண்டு கட்டாயம் உள்ளே இருக்க வேண்டும். மூன்றாம் நிலைக்கு 2 ஆண்டு. மற்றவர்களைப் பற்றிய விசாரணைக்கு நீங்கள் பெரிய அளவில் உதவினால், அல்லது இந்தத் தண்டனை கடும் அநீதியாகிவிடும் அளவுக்கு அசாதாரணச் சூழ்நிலை இருந்தால்தான் நீதிபதி இறங்கி வர முடியும். அந்தக் கதவு மிகவும் குறுகலானது. வன்முறை கலக்காத குற்றங்கள் பலவற்றுக்கான கட்டாயத் தண்டனையை நீக்கும் மசோதா ஒன்று சட்டமன்றத்தில் நிறைவேறி வந்தபோது, அதில் அஃபீஷியல் மிஸ்கான்டக்டும் சேர்ந்திருந்தது என்பதாலேயே அப்போதைய ஆளுநர் ஃபில் மர்ஃபி 2021 ஏப்ரலில் திருப்பி அனுப்பினார்.

இந்த 5 ஆண்டுதான் வழக்கின் போக்கையே தீர்மானிக்கிறது. காகிதத்தில் தண்டனை தருவது நீதிபதி. நடைமுறையில் எந்தக் குற்றச்சாட்டை வைத்துக்கொள்வது, எதைக் கைவிடுவது என்று முடிவு செய்யும் கவுன்டி ப்ராசிக்யூட்டரின், அதாவது மாவட்ட அரசு வக்கீலின் கையில்தான் எல்லாம் இருக்கிறது. இது சரியில்லை என்பது என் அபிப்பிராயம். டைம்ஷீட்டில் கை வைத்த கிளார்க்கையும் கான்ட்ராக்ட்டை விற்ற மேயரையும் ஒரே தராசில் நிறுத்தி, வித்தியாசம் பார்க்கும் வேலையை அரசு வக்கீலிடம் விடுவது நியாயமான ஏற்பாடாக எனக்குத் தெரியவில்லை.

அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் மாவட்ட அரசு வக்கீலை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். நியூஜெர்சியின் 21 கவுன்டிகளிலும் ப்ராசிக்யூட்டரை ஆளுநர் நியமிக்கிறார், மாநில செனட் ஒப்புதல் தருகிறது. வழக்கு வேண்டாம் என்று அவர் முடிவு செய்தால் வெளியிலிருந்து அதைத் தள்ளிக்கொண்டு போவது கடினம். 2013-ல் ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்துக்குப் போகும் ஃபோர்ட் லீ வழித்தடங்கள் மூடப்பட்ட விவகாரத்தில், அன்றைய ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி மீது ஓய்வு பெற்ற தீயணைப்பு வீரர் ஒருவர் பெர்கன் கவுன்டியில் இதே பிரிவில் புகார் கொடுத்தார். முகாந்திரம் இருக்கிறது என்று முனிசிபல் நீதிபதி 2016 அக்டோபரிலும், மறுபடி 2017 பிப்ரவரியிலும் சொன்னார். சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க முடியாது என்று ப்ராசிக்யூட்டர் அலுவலகம் சொல்லிவிட்டது. வழக்கு அத்தோடு நின்றது.

சாதாரண ஊழியருக்கு வழக்கு இப்படியா தொடங்கும்? இல்லை, ஒரு ஃபோன் வரும். “சும்மா ரெண்டு கேள்வி, வந்துட்டுப் போங்க” என்று டிடெக்டிவ் பேசுவார். அல்லது அலுவலகத்திலேயே இன்டர்னல் விசாரணை என்று கூப்பிடுவார்கள். இங்கே 1967-ல் வந்த காரிட்டி எதிர் நியூஜெர்சி தீர்ப்பைத் தெரிந்துகொள்வது நல்லது. டிராஃபிக் டிக்கெட்டுகளைச் சரிக்கட்டிய புகாரில் போலீஸ்காரர்களிடம் “பதில் சொல்லாவிட்டால் வேலை போகும்” என்று சொல்லி வாக்குமூலம் வாங்கினார்கள். அப்படி வாங்கியதைக் குற்ற வழக்கில் பயன்படுத்தக் கூடாது என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றம். ஆனால் இந்தப் பாதுகாப்பு கட்டாயப்படுத்தி வாங்கிய வாக்குமூலத்துக்குத்தான். நல்ல பெயர் எடுக்கலாம் என்று நீங்களாகப் போய் உட்கார்ந்து விளக்கம் கொடுத்தால் அது அப்படியே உங்களுக்கு எதிரான சாட்சி. அந்த ஃபோன் வந்த அன்றே வக்கீலைப் பாருங்கள்.

அப்புறம் கிராண்ட் ஜூரி, அதாவது வழக்குத் தொடரலாமா என்று முடிவு செய்யும் பொதுமக்கள் குழு. 23 பேர் கொண்ட அந்தக் குழுவில் 12 பேர் ஒப்புக்கொண்டால் குற்றச்சாட்டு பதிவாகும். உங்கள் வக்கீல் உள்ளே போக முடியாது, எதிர்வாதம் கேட்க மாட்டார்கள். ஆகவே அதற்கு முந்தைய வாரங்கள்தான் பேச்சுவார்த்தைக்குப் பொன்னான காலம். கிராண்ட் ஜூரிக்குப் போகும் உரிமையை விட்டுக்கொடுத்து, ‘அக்யூசேஷன்’ எனும் ஒற்றைத் தாளில் குறைந்த குற்றத்தை ஒப்புக்கொள்வது இங்கே வழக்கமான முடிவுகளில் ஒன்று. இரண்டாம் நிலை மிஸ்கான்டக்ட் கைவிடப்பட்டு, அந்த இடத்தில் ஆவணத்தைப் பொய்யாக எழுதியது என்ற நான்காம் நிலைக் குற்றம் வந்து உட்காரும். அதற்கு அதிகபட்சம் 18 மாதம், முதல் தடவை என்றால் சிறையில்லாமல் ப்ரொபேஷனோடு, அதாவது வெளியே கண்காணிப்பில் இருப்பதோடு போக நல்ல வாய்ப்பு உண்டு. சில வழக்குகள் இன்னும் இறங்கி, சிறு குற்றங்களைப் பார்க்கும் முனிசிபல் கோர்ட்டுக்கே போய்விடும்.

இதற்கு விலையாகப் போவது வேலை. மூன்றாம் நிலை அல்லது அதைவிடக் கனமான குற்றம், நேர்மையின்மை சம்பந்தப்பட்ட குற்றம், பதவியைத் தொடும் குற்றம், இவற்றில் எதை ஒப்புக்கொண்டாலும் பதவி பறிபோகும். பதவியைத் தொடும் குற்றம் என்றால் அதோடு வாழ்நாள் தடை. மாநிலம், கவுன்டி, நகராட்சி, பள்ளி வாரியம், எங்கேயும் இனி அரசு வேலை கிடையாது. நான்காம் நிலைக்கு இறக்கிவிட்டோம் என்பதால் இந்தத் தடை இறங்காது. பள்ளியில் 22 வருடம் வேலை பார்த்தவரிடம் இதைச் சொல்லும்போது, “அப்ப வேற ஊர் ஸ்கூலுக்கு?” என்று கேட்பார். அதுவும் கிடையாது என்று சொல்ல வேண்டியிருக்கும்.

பி.டி.ஐ. (ப்ரீட்ரயல் இன்டர்வென்ஷன்) பற்றியும் எல்லாரும் கேட்கிறார்கள். முதல்முறை குற்றம் சாட்டப்பட்டவரைக் கண்காணிப்பில் வைத்து, ஒழுங்காக முடித்தால் வழக்கைத் தள்ளுபடி செய்யும் திட்டம் அது. பதவி சம்பந்தப்பட்ட குற்றம் செய்த அரசு ஊழியருக்குச் சேர்க்கை கூடாது என்பதே சட்டத்தின் தொடக்க நிலைப்பாடு. மிஸ்கான்டக்ட் வழக்கில் மாநில அட்டர்னி ஜெனரலின் முன் அனுமதி இல்லாமல் கவுன்டி ப்ராசிக்யூட்டர் பரிந்துரைக்கக்கூட முடியாது. அதையும் தாண்டி இடம் கிடைத்தால், ராஜினாமாவும் இனி அரசு வேலைக்கு வரமாட்டேன் என்ற எழுத்துமூல ஒப்புதலும் நிபந்தனையாக வரும் என்று எதிர்பாருங்கள்.

குடியுரிமை இல்லாதவர்களுக்கு இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. இரண்டாம் நிலைக் குற்றத்துக்குப் பி.டி.ஐ. வேண்டுமென்றால் முதலில் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். முடிவில் வழக்கு தள்ளுபடியானாலும், அந்த ஒப்புதலும் கண்காணிப்பும் சேர்ந்தாலே மத்தியக் குடியேற்றச் சட்டத்தின் கண்ணில் அது தண்டனை பெற்ற வழக்குதான். ஹெச்-1பி, கிரீன் கார்டு எதுவானாலும் குடியேற்ற வக்கீலிடம் காட்டாமல் எந்தப் ப்ளீயிலும் (குற்ற ஒப்புதலிலும்) கையெழுத்துப் போடாதீர்கள். குடியேற்ற விளைவைச் சொல்லித் தருவது கிரிமினல் வக்கீலின் கடமை என்று 2010-ல் படீயா எதிர் கென்டகி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கேட்பது உங்கள் உரிமை.

ப்ளீ இல்லாமல் கோர்ட்டில் முழு விசாரணை (ட்ரயல்) வரை போகிறவர்கள் குறைவு. நல்ல நோக்கம் காப்பாற்றும் என்று நம்பிப் போகிறவர்களுக்கு ஹட்சன் கவுன்டி வழக்கு ஒன்றைச் சொல்வேன். நார்த் பெர்கன் கல்வி வாரிய ஊழியர் ஒருவர், பாகுபாடு காட்டினார்கள் என்று வாரியத்தின் மீது வழக்குப் போட்டார். ஆதாரத்துக்காக 367 ஆவணங்களை எடுத்துத் தன் வக்கீலிடம் கொடுத்தார், அதில் 69 அசல்கள். அவர் மீது திருட்டும் இரண்டாம் நிலை மிஸ்கான்டக்டும் பாய்ந்தன. 2015-ல் மாநில உச்ச நீதிமன்றம் குற்றச்சாட்டை ரத்து செய்ய மறுத்தது, நியாயமான காரணம் இருந்தால் விசாரணையில் சொல்லிக்கொள்ளலாம் என்றது. அதாவது 5 ஆண்டு கட்டாயச் சிறை தலைக்கு மேல் தொங்கும்போது சொல்லிக்கொள்ளலாம். முறைப்படி ஆவணம் கேட்டு வாங்க உரிமையியல் நீதிமன்றத்தில் வழி இருக்கும்போது பீரோவைத் திறக்காதீர்கள்.

கடைசியில் பென்ஷன். மிஸ்கான்டக்ட் என்று தீர்ப்பானால் அந்தப் பதவியில் சேர்ந்த பென்ஷன் முழுவதும் போகும், 2007 சட்டம் அப்படி. குறைந்த குற்றத்துக்கு இறக்கியிருந்தால் முடிவு பென்ஷன் வாரியத்துக்குப் போகிறது. எத்தனை வருட சேவை, குற்றம் எவ்வளவு கனமானது, வேலையோடு அதற்கு என்ன தொடர்பு என்று பார்த்து அவர்கள் கொஞ்சம் வெட்டலாம், முழுவதும் வெட்டலாம். ப்ளீயின்போது கோர்ட்டில் நீங்கள் வாய்விட்டுச் சொல்லும் ஒவ்வொரு வாக்கியமும் எழுத்தாகி அந்த வாரியத்தின் மேஜைக்குப் போகும். என்ன சொல்வது, எவ்வளவு சொல்வது என்பதை வக்கீலோடு உட்கார்ந்து முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு போங்கள்.