அரிட்டாபட்டிக்கு ஓவியக் குறிப்பேட்டோடு போகிறவர்களுக்கு

ஓவிய வகுப்பு நடத்துகிறவன் நான். மாணவர்களை மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளுக்கு வரைய அழைத்துப் போவது வழக்கம். மேலூர் பக்கம் இருக்கும் அரிட்டாபட்டிமேல் எனக்குத் தனிப் பிரியம். அங்கே போனதும் பெரும்பாலானவர்கள் கழிஞ்சமலையில் இருக்கும் சமணத் தீர்த்தங்கரர் சிற்பத்தின் முன்னால் உட்கார்ந்து அதை மட்டும் வரைந்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

சமணர் குகையின் நெற்றியில் ஓடும் காடியை முதலில் பாருங்கள். மழைநீர் உள்ளே வழியாமலிருக்கப் பாறையில் வெட்டிய விளிம்பு அது. அதை ஒட்டித்தான் தமிழி (தமிழ் பிராமி என்கிற பழந்தமிழ் எழுத்து) கல்வெட்டு இருக்கிறது. நெல்வேலிக்காரர் ஒருவர் இந்தக் குகையைச் செய்து கொடுத்த செய்தி அது. ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழையது. அந்த மழைநீர் போகும் வழியை முதல் பக்கத்தில் ஒரே கோடாக வரையச் சொல்வேன். பாறைச் சரிவு, சுனை, கண்மாய், வயல் என்று கோடு இறங்கும்போதே துறவிகள் ஏன் இங்கே தங்கினார்கள், ஊர் ஏன் மலையடியில் அமைந்தது என்பதெல்லாம் கைக்குப் பிடிபட்டுவிடும். அப்புறம் சிற்பத்துக்கும், சிவனின் ஒரு வடிவமாகக் கருதப்படும் லகுலீசர் சிற்பம் இருக்கும் குடைவரைச் சிவன் கோயிலுக்கும் போகலாம்.

சரி, செய்யக் கூடாதவை. எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டுமென்று கல்வெட்டில் சாக்பீஸ் தேய்க்காதீர்கள், தாளை வைத்து உரசியும் படி எடுக்காதீர்கள். காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும்போது போனால் எழுத்து தானே எழுந்து நிற்கும். தூரிகை கழுவிய தண்ணீரைச் சுனையில் ஊற்றவே ஊற்றாதீர்கள். ஒரு பாட்டிலில் திரும்ப எடுத்து வாருங்கள். ராசாளியும் வல்லூறும் வாழ்கிற பாறைகள் இவை. கூட்டமாகப் போய்ச் சத்தம் போட்டால் அவை கூட்டை விட்டு விலகிவிடும்.

2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக இந்த இடம் அறிவிக்கப்பட்டது, சுமார் 193 ஹெக்டேர். இரண்டே ஆண்டில் டங்ஸ்டன் சுரங்க ஏலப் பகுதிக்குள் இந்த வட்டாரம் வந்துவிட்டது. ஊர் மக்கள் திரண்டு போராடிய பிறகு, 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அதனால்தான் குறிப்பேட்டை அழகுக்காக மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள் என்கிறேன். தேதி, நேரம், எந்தத் திசையிலிருந்து பார்த்தீர்கள், கண்மாயில் எவ்வளவு தண்ணீர் என்பதை ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் எழுதுங்கள். ஆடு மேய்க்கும் பெரியவர்களிடம் அந்தப் பாறைக்கு என்ன பெயர் என்று கேட்டு, அவர்கள் சொல்கிறபடியே அதையும் எழுதுங்கள்.