வீட்டு வைஃபையை வெளியாளுக்குத் திறப்பது எப்படி?

வீட்டில் 100 எம்பிபிஎஸ் பைபர் இணைப்பு இருக்கிறது. எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் கிளம்பியபின் அதில் பெரும்பகுதி சும்மாதான் கிடக்கிறது. அதே தெருவில் டேட்டா தீர்ந்துபோய், ஒரு விண்ணப்பத்தை அனுப்ப முடியாமல் யாரோ நிற்கலாம். இந்த இருவரையும் சேர்த்துவைக்க ஒரு செயலி எழுதினால் என்ன?

யோசனை பழையது. 2005-ல் ஸ்பெயினில் மார்ட்டின் வர்சாவ்ஸ்கி தொடங்கிய ஃபான் நிறுவனம் இதைத்தான் செய்தது. உங்கள் வைஃபையைப் பிறருக்குக் கொடுத்தால், போகிற ஊரிலெல்லாம் மற்ற உறுப்பினர்களின் வைஃபை உங்களுக்கு இலவசம். ஆனால் அந்த நிறுவனம் விற்ற முக்கியமான பொருள் செயலி அல்ல, 'லா ஃபொனெரா' என்ற சின்ன ரௌட்டர். அது ஒரே நேரத்தில் இரண்டு வைஃபை பெயர்களைக் காட்டும்: ஒன்று வீட்டுக்காரருக்கு, ஒன்று வெளியாட்களுக்கு. விஷயமே அந்த இரண்டாவது பெயரில்தான் இருக்கிறது.

வீட்டுப் பாஸ்வேர்டை அப்படியே கொடுத்தால், வாங்கியவர் நம் நெட்வொர்க்குக்கு உள்ளேயே வந்துவிடுகிறார். சிசிடிவி, பிரிண்டர், அப்புறம் பல வீடுகளில் வாங்கிய நாளிலிருந்து பாஸ்வேர்ட் மாற்றாத ரௌட்டரின் அமைப்புப் பக்கம் என எல்லாம் அவருக்கு எட்டும் தூரத்தில். இரண்டாவது பெயரில் இணைபவருக்கு ரௌட்டர் வேறு வரிசை ஐபி முகவரி (நெட்வொர்க்கில் கருவியை அடையாளம் காட்டும் எண்) கொடுக்கிறது. வீட்டில் 192.168.1 என்று தொடங்கினால் அவருக்கு 10.0.5 என்று தொடங்கலாம். அங்கிருந்து இணையத்துக்கு மட்டும் வழி, வீட்டுப் பக்கம் போகும் எல்லாவற்றையும் ஃபயர்வால் என்ற ரௌட்டரின் காவல் அமைப்பு தடுத்துவிடும். இணைந்திருக்கும் இரண்டு வெளியாட்கள் ஒருவர் கருவியை ஒருவர் தொட முடியாதபடியும் பிரிக்க வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது வேகம். விருந்தாளிக்கு 10 எம்பிபிஎஸ் என்று வரம்பு வைத்தால் தீர்ந்தது என்று தோன்றும். தீராது. அவர் ஒரு பெரிய வீடியோவைப் பதிவேற்றும்போது, ரௌட்டரில் தரவுப் பொட்டலங்கள் குவிந்து வீட்டில் நடக்கும் ஆன்லைன் வகுப்பு திக்கும். ரேஷன் கடையில் ஒருவர் இருபது கார்டுகளோடு முன்னால் நின்றால், ஒரே ஒரு கார்டு வைத்திருப்பவரும் காத்திருக்கத்தான் வேண்டும். 2012-ல் வந்த எஃப்க்யூ-கோடெல் என்ற முறை ஒவ்வொரு தரவு ஓட்டத்துக்கும் தனித்தனி வரிசை வைத்து, மாற்றி மாற்றி அனுப்புகிறது. சின்ன வேலைகள் உடனே முடிந்துவிடும். இன்னொரு சிக்கல் காற்றிலேயே இருக்கிறது. தெருமுனையில் மங்கலான சிக்னலில் இருக்கும் போன் மெதுவாகப் பேசும், அது பேசி முடிக்கும்வரை அதே சேனலில் மற்ற போன்கள் சும்மா இருக்க வேண்டும். அவ்வளவு தூரத்தில் இருப்பவரை இணைக்காமல் விடுவதே நல்ல வடிவமைப்பு.

எனக்கு இதிலெல்லாம் பெரிதாகப் படுவது பொறுப்புதான். வெளியாள் எதைச் செய்தாலும், வெளியே தெரிவது வீட்டுக்காரரின் ஐபி முகவரி. ஜெர்மனியில் ஒருவர் விடுமுறைக்குப் போயிருந்த சமயத்தில், அவர் வைஃபை வழியாக யாரோ ஒரு பாட்டைப் பகிர்ந்தார்கள். வைஃபையைச் சரியாகப் பூட்டாததற்கு அவர் பொறுப்புதான் என்று 2010-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. இலவச வைஃபை தரும் அங்குள்ள ஃபிரைஃபுங்க் தன்னார்வலர்கள் இதற்காகவே விருந்தாளிகளின் இணையப் போக்குவரத்தை விபிஎன் என்ற மறைவான பாதை வழியாக வேறு இடத்துக்குக் கொண்டுபோய் வெளியே விட்டார்கள். 2017-ல்தான் சட்டம் திருத்தப்பட்டு அந்தப் பயம் குறைந்தது.

இந்தியா வேறு வழியில் போனது. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பிஎம்-வாணி என்ற பொது வைஃபை திட்டத்தில், டீக்கடைக்காரர்கூட உரிமமோ பதிவோ இல்லாமல் வைஃபை கொடுக்கலாம். அவருக்குப் பெயர் பிடிஓ (பப்ளிக் டேட்டா ஆபீஸ்). பல பிடிஓக்களைச் சேர்த்துக் கணக்கு வழக்கைப் பார்ப்பவர் பிடிஓஏ. வருபவர் யார் என்று உறுதி செய்வது செயலியின் வேலை. நீங்கள் செயலியில் ஒருமுறை ஓடிபி கொடுத்துப் பதிந்துகொள்கிறீர்கள். அப்புறம் ஒரு கடையின் வைஃபையில் இணைந்ததும் செயலி ஒரு டோக்கனை, அதாவது டிஜிட்டல் அடையாளச் சீட்டை, அந்தக் கடையின் பிடிஓஏவுக்கு அனுப்பும். 'இவர் எங்களிடம் பதிந்தவர்தான்' என்று செயலி நிறுவனத்திடமிருந்து உறுதி வந்தபின்தான் இணையம் திறக்கும். கடைக்காரர் உங்கள் எண்ணைக் கேட்கவே வேண்டாம்.

டோக்கன் எதற்கு, போனின் மேக் முகவரியை (வைஃபையில் கருவி காட்டும் அடையாள எண்) வைத்தே ஆளை அடையாளம் காணலாமே என்றால், இப்போது முடியாது. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் வேறு வேறு முகவரியைக் காட்டுகின்றன. அதோடு, டோக்கனை அனுப்பவே இணையம் வேண்டும், இணையமோ டோக்கன் போனபின்தான் கிடைக்கும். அதனால் சரிபார்க்கும் சர்வருக்கு மட்டும் ரௌட்டர் முன்கூட்டியே வழிவிட்டு வைக்கும்.

மிச்சம் இருப்பது காசு. வீட்டு இணைப்பைப் பிறருக்கு விற்கக்கூடாது என்று இணைய நிறுவனங்களின் ஒப்பந்தங்களில் பொதுவாக எழுதியிருக்கும். பிடிஓக்களுக்கு விலை உயர்ந்த வணிக இணைப்புகள் மட்டுமே கிடைத்தது திட்டம் மெதுவாக வளர ஒரு காரணம். 2025 ஜூனில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஓர் ஆணை போட்டது: 200 எம்பிபிஎஸ் வரையிலான வீட்டு பைபர் திட்டங்களை பிடிஓக்களுக்கும் தர வேண்டும், விலை வீட்டுக் கட்டணத்தைப்போல் இரண்டு மடங்கைத் தாண்டக்கூடாது. இந்தியாவில் இப்படி ஒரு செயலி வடிவமைப்பவர், பகிர்வைத் தொடங்கும் பொத்தானைக் காட்டுவதற்கு முன்பே 'உங்கள் இணைப்பு எந்தத் திட்டத்தில் இருக்கிறது?' என்று வீட்டுக்காரரிடம் கேட்டுவிட வேண்டும்.