எடை குறைந்ததும் வருவதை நிறுத்திவிடாதீர்கள்

உணவு ஆலோசனைக்கு என்னிடம் வருகிறவர்களில் பலர் ஏற்கெனவே ஒருமுறையாவது பத்துப் பன்னிரண்டு கிலோ குறைத்து, மறுபடி ஏறியவர்கள். சிலர் பேலியோ இருந்திருப்பார்கள். சிலர் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று மாதம் ராத்திரியில் பழமும் மோருமாகவே ஓட்டியிருப்பார்கள். சிலர் ஏதோ ஒரு பவுடரைக் கரைத்துக் குடித்திருப்பார்கள். வழி எதுவானாலும் வந்து உட்கார்ந்ததும் சொல்வது ஒன்றுதான்: "என்னால வாயைக் கட்ட முடியல மேடம்."

இப்படிச் சொல்கிறவரிடம் நான் உடனே சாப்பாட்டுப் பேச்சை எடுப்பதில்லை. எடை குறைந்த உடம்பு என்ன செய்கிறது என்று முதலில் விளக்குகிறேன்.

நம் கொழுப்புச் செல்கள் லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. 1994இல் கண்டுபிடிக்கப்பட்டது இது. கொழுப்பு குறையும்போது லெப்டினும் குறைகிறது. மூளை அதைப் பஞ்சம் என்று எடுத்துக்கொண்டு பசியைக் கூட்டுகிறது, உடம்பு செலவழிக்கும் சக்தியைச் சுருக்குகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோனும் சேர்ந்து ஏறுகிறது. 2011இல் மெல்போர்ன் ஆராய்ச்சியாளர்கள் 50 பேரைப் பத்து வாரம் மிகக் குறைந்த கலோரி உணவில் வைத்து, ஒரு வருடம் கழித்து மறுபடி ரத்தப் பரிசோதனை செய்தார்கள். இந்த ஹார்மோன்கள் அப்போதும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. டயட் முடிந்து ஒரு வருடம் ஆன பிறகும் பசிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அது பொய்ப்பசி இல்லை.

அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவன ஆராய்ச்சியாளர்கள் இதற்கு ஒரு கணக்கும் தந்திருக்கிறார்கள். குறைகிற ஒவ்வொரு கிலோவுக்கும் உடம்பின் அன்றாடச் சக்திச் செலவு சுமார் 20 முதல் 30 கலோரி வரை குறைகிறது. அதே ஒரு கிலோவுக்குப் பசி சுமார் 100 கலோரி கூடுகிறது. இதை நான் பேப்பரில் எழுதியே காட்டுவேன், ஏனென்றால் வாயால் சொன்னால் பலர் நம்புவதில்லை.

சமீபத்தில் வந்த ஒரு வங்கி ஊழியர், நாற்பதுகளில் இருப்பவர், 82 கிலோவிலிருந்து 68க்கு வந்திருந்தார். அதோடு எல்லாம் முடிந்தது என்று ஆலோசனைக்குப் போவதை நிறுத்திவிட்டார். ஒன்றரை வருடத்தில் 79. "நான் கூடுதலா ஒண்ணும் சாப்பிடலையே, பழைய அளவுக்குத்தானே திரும்பினேன்" என்றார். அவர் சொன்னது உண்மை. சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. 14 கிலோ குறைந்த உடம்புக்கு முன்பைவிடத் தினமும் சுமார் 350 கலோரி குறைவாகவே தேவை. சுமாராக மூன்று சாதா தோசை என்று வைத்துக்கொள்ளுங்கள். 82 கிலோ ஆளின் சாப்பாட்டை 68 கிலோ ஆள் சாப்பிட்டால் எடை மெல்ல மெல்லப் பழைய இடத்துக்கே போய்ச் சேரும்.

அவரோடு உட்கார்ந்து ஒரு நாளை முழுதாக எழுதிப் பார்த்தோம். பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்த அரைத் தோசை. நான்கு மணி டீயோடு ஒரு வடை. மழைக்காலத்தில் நின்று, அப்புறம் தொடங்காமலே போன காலை நடை. தோசைக்கல்லில் சுற்றி விடுகிற எண்ணெய். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயிலேயே சுமார் 120 கலோரி இருக்கிறது. அதனால்தான் எல்லாரிடமும் வீட்டுக்கு மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குகிறீர்கள், எத்தனை பேர் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கிறேன். தலைக்கு அரை லிட்டரைத் தாண்டினால் மற்றதெல்லாம் அப்புறம், முதலில் அதைப் பேசுவோம்.

இந்த இடத்தில் எங்கள் தொழிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூன்று மாதப் பேக்கேஜ், பத்துக் கிலோ உத்தரவாதம் என்று விளம்பரம் செய்கிறார்கள். நான்காவது மாதத்துக்கு யாரிடமும் திட்டம் இல்லை. எடை குறைக்கும் மாதங்களில் முள் இறங்குவதே உற்சாகம் தரும், சுற்றியிருப்பவர்களும் பாராட்டுவார்கள். தக்கவைக்கும் மாதங்களில் பாராட்ட ஆள் கிடையாது, பசி மட்டும் கூடவே இருக்கும். ஆலோசனை அதிகம் தேவைப்படுவது அந்த மாதங்களில்தான். இலக்கை எட்டியவர்களை அடுத்த ஒரு வருடமாவது மாதம் ஒருமுறை வரச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் 1994 முதல் ஒரு பதிவேடு நடக்கிறது. குறைந்தது 13.6 கிலோ குறைத்து ஒரு வருடமாவது தக்கவைத்தவர்கள் அதில் சேரலாம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களில் நான்கில் மூன்று பங்கினர் வாரம் ஒருமுறையாவது எடை பார்க்கிறார்கள், பத்தில் ஒன்பது பேர் தினமும் சராசரியாக ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள். தாமாக முன்வந்து பதிந்தவர்கள் என்பதால் இதை எல்லாருக்குமான விதியாக நான் சொல்ல மாட்டேன். ஆனால் வாரம் ஒருமுறை, ஒரே கிழமை, காலையில் வெறும் வயிற்றில் எடை பார்ப்பதைக் கட்டாயம் சொல்கிறேன். இரண்டு கிலோ ஏறி, இரண்டு வாரமாக இறங்காமல் நின்றால் எனக்கு போன் செய்யுங்கள். பத்துக் கிலோ ஏறும்வரை காத்திருக்க வேண்டாம்.

நடையோடு வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து எழுவதில் தொடங்கினாலும் போதும். டயட்டில் கொழுப்போடு தசையும் கரைகிறது. இட்லியும் சட்னியும் மட்டுமே காலை உணவு என்றால் புரதம் போதாது. ஒரு முட்டையோ, ஒரு கிண்ணம் சுண்டலோ சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஊசி போட்டுக் குறைப்பவர்களுக்கும் இதே நிலைதான். செமாகுளூடைட் ஊசியை நிறுத்தியவர்களுக்கு ஒரு வருடத்தில், குறைத்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியதாக ஓர் ஆய்வு காட்டியது. தொடங்கும்போதே எப்போது நிறுத்துவது, நிறுத்தினால் என்ன செய்வது என்று மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

ஏறிவிட்டது என்ற கூச்சத்தில் வராமலே இருந்துவிடுகிறார்கள் சிலர். சட்டென்று ஏறியிருந்தால் அதற்கு மருத்துவக் காரணமும் இருக்கலாம். தைராய்டு குறைபாடு, ஸ்டீராய்டு, இன்சுலின், சில மனநல மருந்துகள், சர்க்கரைக்கான சில மாத்திரைகள், தூக்கக் குறைவு இவையெல்லாம் எடையைக் கூட்டக்கூடியவை. எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். வரும்போது எல்லா மருந்துச் சீட்டுகளையும் எடுத்து வாருங்கள், கடைசி ஒரு வாரம் சாப்பிட்டதை மறைக்காமல் எழுதிய தாளோடு.