ஜெட்டுக்குள் குண்டூசி விடாதீர்கள்

உறைபனிக் காலம் முடிந்து கோடை மழை நாலு தூறல் போட்டதும், ஊட்டி, குன்னூர் பங்களாத் தோட்டங்களில் புல் வெட்டும் மெஷினை வெளியே எடுப்பார்கள். டேங்கில் டிசம்பரில் ஊற்றிய பெட்ரோல் அப்படியே கிடக்கும். ஸ்டார்ட் ஆகாது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி, புது ரிப்பேர் கிட் போட்டு மாட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் என்னிடம் வருவார்கள். "எல்லாம் புதுசுண்ணே, ஆனா கரும்புகையா தள்ளுது." இந்த வாரமும் ஒன்று வந்தது. கார்புரேட்டருக்குள் இருக்கும் துளை போட்ட சின்னத் திருகுதான் ஜெட், அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வட்டமாக இருக்க வேண்டிய துளை ஒரு பக்கம் இழுபட்டுக் கிடந்தது. குண்டூசி வேலை.

எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்று அளந்து கொடுப்பதே அந்தத் துளைதான். ஜெட் பித்தளை, ஊசி எஃகு. "லேசாத்தான் விட்டேன்" என்பார்கள். லேசாக விட்டாலும் கீறும். 0.6 மில்லிமீட்டர் துளை 0.7 ஆனால் போதும், பெட்ரோல் போகும் வழி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெரிதாகிவிடும். சும்மா பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது. ஊக்கு, கிடார் கம்பி, கேபிள் இழை எதுவும் வேண்டாம். கிளீனரில் ஊறவைத்து காற்றடியுங்கள். அடைப்பு போகவில்லையா, அதே எண்ணில் புது ஜெட் வாங்குங்கள்.

மலையில் இதன் கெடுதல் இரட்டிப்பு. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். சமவெளிக்கு அளந்த ஜெட்டே இந்த லேசான காற்றுக்கு அதிகம். அதையும் குத்திப் பெரிதாக்கினால் பிளக் கரியாகாமல் என்ன செய்யும்? "கோயம்புத்தூர்ல சர்வீஸ் பண்ணப்ப நல்லா ஓடுச்சே" என்றால், ஓடும், அது கோயம்புத்தூர். இங்கே நிரந்தரமாக ஓடும் மெஷினுக்குச் சிறிய ஜெட் போடுங்கள். போட்டாலும் உயரம் ஏறும் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் சுமார் 3.5 சதவீதம் பவர் குறையத்தான் செய்யும். அதற்காக கார்புரேட்டர் ஸ்குரூவைத் திருகிக்கொண்டே இருக்காதீர்கள், பிளேடை உயர்த்தி இரண்டு தடவையாக வெட்டுங்கள். சிறிய ஜெட்டோடு மேட்டுப்பாளையத்துக்கு இறக்கினால் எஞ்சின் சூடேறிக் கெட்டுவிடும்.

சோக்கைத் திறந்ததும் நின்றுபோகிறதா? மெதுவாக ஓடும்போது பெட்ரோல் விடும் பைலட் ஜெட்டில் இன்னும் அடைப்பு இருக்கிறது, அல்லது இணைப்புகளுக்கு நடுவே வைக்கும் பேக்கிங் வழியாகக் காற்று இழுக்கிறது. கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே இருக்கும் இன்சுலேட்டரின் இரு பக்கப் பேக்கிங்கும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், மாற்றிப் போட்டால் வழி அடைபடும். கழற்றும்போதே போனில் படம் எடுத்து வையுங்கள். பெட்ரோல் சொட்டினால் கார்புரேட்டர் மிதவையைக் காதருகே குலுக்கிப் பாருங்கள், உள்ளே பெட்ரோல் சலசலத்தால் மிதவை ஓட்டை. கொஞ்ச நேரம் ஓடி நின்று, டேங்க் மூடியைத் திறந்தால் மறுபடி ஓடுகிறதென்றால் மூடியின் காற்றுத் துளையைச் சுத்தம் செய்தால் தீர்ந்தது, கார்புரேட்டரைத் தொடாதீர்கள்.

பழைய பெட்ரோலை மறுபடி ஊற்றாதீர்கள். இப்போது அதில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள், அது ஈரத்தை இழுக்கும். நம் ஊர் மூடுபனிக்குக் கேட்கவா வேண்டும்? கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் பிடித்து வைத்தால் அடியில் தண்ணீர் தனியாக நிற்பது தெரியும். மெஷினை மூடிவைக்கும் முன் டேங்கையும் கார்புரேட்டர் அடியில் பெட்ரோல் நிற்கும் பவுலையும் காலி செய்துவிடுங்கள்.

கடைசியாக, கெஞ்சியே கேட்கிறேன். மெஷினைச் சாய்க்கும் முன் பிளக் ஒயரைக் கழற்றுங்கள், பிளேடைக் கையால் திருப்பினால்கூட எஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிடலாம். மழை என்று ஷெட் கதவைச் சாத்திக்கொண்டு ஓட்டிப் பார்க்காதீர்கள், அந்தப் புகை ஆளைக் கொல்லும். பெட்ரோலில் கார்புரேட்டர் கழுவும் இடத்தில் குளிருக்குக் கரியடுப்பு வைக்கவே வைக்காதீர்கள்.