பஃபே: பெயரில் இருப்பது சாப்பாடு அல்ல, மேசை

இந்தச் சொல்லை எழுதுவதிலேயே நம்மிடம் நாலு விதம் உண்டு: பஃபே, பபே, பப்பே, பஃபெட். பிரெஞ்சுச் சொல் என்பதால் கடைசி 'ட்' ஒலிக்காது. 'பஃபே' என்பதே சரி. ட்-ஐ ஒலித்துச் சொன்னால் ஆங்கிலத்தில் அது வேறொரு சொல்லாகிவிடும். அறைதல், காற்றும் அலையும் மோதி அலைக்கழித்தல் என்று அதற்குப் பொருள். எழுத்துக்கூட்டு இரண்டுக்கும் ஒன்றுதான். உல்லாசக் கப்பலில் போகிறவருக்கு இரண்டுமே வாய்க்கலாம்: உள்ளே பஃபே, வெளியே அலை.

'பஃபே' என்ற எழுத்துருவில் தமிழுக்கு ஒரு சௌகரியமும் இருக்கிறது. ஆய்தம் தனிக்குறிலுக்குப் பின்னும் வல்லின உயிர்மெய்க்கு முன்னும் வரவேண்டும் என்பது பழைய இலக்கணம்: அஃது, எஃகு. 'ஃபேன்', 'ஃபோன்' எல்லாம் இந்த விதியை மீறியவை. 'பஃபே'யில் ப குறில், பே வல்லின உயிர்மெய், நடுவில் ஆய்தம். இறக்குமதிச் சொல் ஒன்று இவ்வளவு ஒழுங்காக வந்து உட்காருவது அபூர்வம்.

பொருளுக்கு வருவோம். 12ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சில் இந்தச் சொல் பெஞ்சையும் பக்கமேசையையும் குறித்தது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்துக்கு வந்தபோதும் பீங்கான் தட்டுகளை அடுக்கிவைக்கும் நிலைமேசை என்றுதான் பொருள். பிறகு அந்த மேசைமேல் வைத்த பண்டங்களுக்கும், அவை கிடைக்கும் இடத்துக்கும் பெயர் ஒட்டிக்கொண்டது. பிரான்சின் ரயில் நிலையச் சிற்றுண்டிச்சாலைக்கும் இதே பெயர்தான். சாப்பாட்டு முறை என்ற இன்றைய பொருள் 20ஆம் நூற்றாண்டில்தான் நிலைத்தது.

முறைக்கு ஊர்தோறும் வேறு பெயர் உண்டு. சுவீடன்காரர்களின் 'ஸ்மோர்கஸ்போர்ட்', வெண்ணெய் தடவிய ரொட்டியையும் மேசையையும் சேர்த்த சொல். அங்கேயும் மேசைதான். 1939 நியூயார்க் உலகக் கண்காட்சி அதை அமெரிக்கர்களிடம் பிரபலமாக்கியது. டோக்கியோவின் இம்பீரியல் ஹோட்டல் 1958இல் அதே முறையைக் கொண்டுவந்தபோது, ஜப்பானிய நாக்குக்கு அந்தப் பெயர் வளையவில்லை. அப்போது திரைக்கு வந்திருந்த ஒரு வைக்கிங் படத்தை நினைத்து 'வைக்கிங்' என்று பெயர் வைத்தார்கள். ஜப்பானில் பஃபேயை இன்றும் அப்படிச் சொல்கிறார்கள்.

நம் பந்தி இதற்கு நேர் எதிர். வடமொழிப் 'பங்க்தி', அதாவது வரிசை என்பதிலிருந்து வந்த சொல் அது. பந்தியில் ஆள் அசையமாட்டார், வாளி நடக்கும். பஃபேயில் வாளி அசையாது, ஆள் நடக்கவேண்டும். வேறுபாடு இவ்வளவுதான். 'எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்' என்பது இந்தச் சொல்லின் பொருளில் இல்லை. அன்லிமிடெட் மீல்ஸில் அளவு கிடையாது, ஆனால் பரிமாறுகிறவர் இலைக்கு வருகிறார். ஆகவே அது பஃபே ஆகாது. தானே எடுத்துக்கொள்வதுகூடக் கட்டாயமில்லை. கப்பலில் வயிற்றுப்போக்கு பரவினால் கரண்டியை ஊழியரிடம் கொடுத்துவிடுவார்கள். நீங்கள் கைகாட்ட, அவர் தட்டில் வைப்பார். அப்போதும் அது பஃபேதான்.

கப்பலில் இந்தச் சொல் முறையைவிட இடத்தையே அதிகம் குறிக்கிறது. ஆனால் தள வரைபடத்தில் 'பஃபே' என்று தேடினால் கிடைக்காமல் போகலாம். கப்பல் நிறுவனம் ஒவ்வொன்றும் தனிப்பெயர் வைத்திருக்கிறது: ராயல் கரீபியனில் 'வின்ட்ஜாமர்' (பெரிய பாய்க்கப்பல் வகை ஒன்றின் பெயர்), நார்வீஜியனில் 'கார்டன் கஃபே', ஹாலந்து அமெரிக்காவில் 'லிடோ மார்க்கெட்'. லிடோ என்பது வெனிஸுக்கு எதிரே கடற்குளியலுக்குப் பேர்போன மணல்தீவு. அதை வைத்து நீச்சல்குளத் தளத்துக்கு லிடோ தளம் என்று பெயர் வந்தது. எனவே மேல்தளங்களில், குளத்தை ஒட்டித் தேடுங்கள். ஈர நீச்சலுடையோடும் வெறுங்காலோடும் உள்ளே விடமாட்டார்கள்.

கல்யாண மண்டபத்துப் பழக்கத்தில் பலரும் செய்யும் தவறு, தட்டு அடுக்கிய இடத்தில் தொடங்கி ஒரே வரிசையில் நிற்பது. பெரும்பாலான கப்பல்களில் இடப்பக்கத்திலும் வலப்பக்கத்திலும் ஒரே பண்டங்கள், கண்ணாடியில் பார்த்ததுபோல இரட்டையாக இருக்கும். ஒரு பக்கம் நெரிசலாக இருந்தால் மறுபக்கம் போய்ப் பாருங்கள். நடுவில் தனித்தனித் தீவுகளாக மேடைகள் இருந்தால் அங்கே வரிசையே கிடையாது. சாலட் வேண்டாதவர் சாலட் மேடைக்குப் பின்னால் காத்திருக்க வேண்டியதில்லை. நீளமான ஒற்றை மேடை என்றால் மட்டும் நடுவில் நுழையாதீர்கள்.

முதலில் தட்டு எடுக்காமல் வெறுங்கையோடு ஒரு சுற்று வாருங்கள். பிறகு ஒரு தட்டில் மூன்று வகை, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டிக்கு மேல் வேண்டாம். எட்டு வகையைக் குவித்தால் மீன் குழம்பும் பழக்கலவையும் ஒன்றோடொன்று கலந்துவிடும். பல கப்பல்களில் டிரேயே வைப்பதில்லை. ஒரு கையில் தட்டு, மறு கையில் கோப்பை, அவ்வளவே. கடல் ஆடும் நாளில் சூப்பை அரைக் கிண்ணத்துக்கு மேல் ஊற்றாமல், முதலில் அதை மேசையில் வைத்துவிட்டு மற்றதற்குத் திரும்புங்கள்.

'பந்திக்கு முந்து' என்ற பழமொழி கப்பல் ஏறும் நாளன்று செல்லாது. அறைகள் பெரும்பாலும் பிற்பகல் 1 மணிக்கு மேல்தான் திறக்கும். அதுவரை போக்கிடம் இல்லாத கூட்டம் முழுவதும் கைப்பையோடு பஃபேக்கு வந்துவிடும். கீழே பிரதான உணவுக்கூடம் அன்று மதியம் திறந்திருக்கிறதா என்று ஊழியரிடம் கேளுங்கள். துறைமுகம் தொடாத நாள்களில் காலை 9 முதல் 10 வரை நெரிசல். 8 மணிக்கு முன்பு போனால் ஜன்னலோர மேசை கிடைக்கும்.

சூடான பண்டங்கள் 'பேன்மேரி'யில் இருக்கும். கீழே தொட்டியில் வெந்நீர், மேலே தட்டு. அமெரிக்கத் துறைமுகங்களைத் தொடும் கப்பல்களைச் சோதிக்கும் சிடிசி (அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு மையம்) விதிப்படி சூட்டுப் பண்டம் 57 பாகை செல்சியஸுக்குக் கீழேயும், குளிர்ப் பண்டம் 5 பாகைக்கு மேலேயும் போகக்கூடாது. இந்த ஏற்பாடு குழம்புக்கும் பருப்புக்கும் ஏற்றது, பொரித்ததற்குப் பகை. மூடியில் படிந்த ஆவி சொட்டி, பத்து நிமிடத்தில் சமோசா சொதசொதவென்று ஆகிவிடும். பொரித்ததும் ஆம்லெட்டும் வேண்டுமென்றால் கண்ணெதிரே செய்துதரும் லைவ் கவுன்டருக்குப் போவதே சரி. விளிம்பு காய்ந்து ஏடு படிந்த தட்டைத் தொடாதீர்கள். நிரப்புவதற்கு அடுத்த தட்டு வருகிறதா என்று கேட்டால் சொல்வார்கள்.

மேடைக்கு மேலே சாய்வாக நிற்கும் கண்ணாடி, தும்மல் தடுப்பு. 1959இல் ஜானி கார்னோ என்ற அமெரிக்க உணவக உரிமையாளர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது. அதன் அடியில் தலையை நுழைத்து முகர்ந்து பார்த்தால் கண்ணாடி வைத்ததில் அர்த்தமில்லை.

நம்மவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லாத விதி ஒன்று உண்டு: எச்சில். சாப்பிட்ட தட்டோடு இரண்டாம் முறை மேடைக்குப் போகக்கூடாது. ஒவ்வொரு முறையும் புதுத் தட்டு. அமெரிக்க உணவு விதிகளிலும் இது எழுதப்பட்டிருக்கிறது. கையால் சாப்பிடுகிறவர்கள் இதில் ஒரு படி கூடுதலாகக் கவனிக்க வேண்டும்: எச்சில் கையைத் துடைத்துவிட்டு அதே கையால் பொதுக் கரண்டியைப் பிடிப்பது கூடாது, கழுவிவிட்டுத்தான் போகவேண்டும். கப்பலில் வயிற்றுப்போக்கைப் பரப்பும் நோரோ வைரஸுக்குச் சானிடைசர் போதாது. சோப்புப் போட்டு 20 விநாடி தேய்த்துக் கழுவினால்தான் போகும். புதிய கப்பல்கள் பலவற்றில் பஃபே வாசலிலேயே கைகழுவும் தொட்டிகள் இருக்கின்றன.

சைவர்கள் பெயர்ப்பலகையை மட்டும் நம்பக்கூடாது. சீசர் சாலட்டின் சாறில் நெத்திலி வகை மீன் இருக்கும். காய்கறி சூப்பின் அடிநீர் கோழியாக இருக்கலாம். குலுங்கி நிற்கும் இனிப்புகளில் ஜெலட்டின் இருக்கலாம். உருளைக்கிழங்கு சாலட்டில் பன்றி இறைச்சித் துணுக்கு தூவியிருப்பார்கள். எல்லாம் சைவமாக இருந்தாலும், பக்கத்துத் தட்டின் இடுக்கியை யாரோ மாற்றிப் போட்டிருப்பார்கள். முதல் நாளே தலைமைப் பரிமாறுநரிடம் சொன்னால் உள்ளிருந்து தனியாகக் கொண்டுவந்து தருவார்கள். பரிமாறும் நேரம் தொடங்கிய முதல் பத்து நிமிடத்தில் போனால் கரண்டி இடம் மாறியிருக்காது.

காலையில் எடுத்த வாழைப்பழத்தைப் பையில் போட்டுக்கொண்டு கரையிறங்காதீர்கள். பழம், இறைச்சி, முட்டை ஆகியவற்றைப் பல நாடுகள் தடுக்கின்றன. ஆஸ்திரேலியாவில் அபராதம் கடுமை.

இனி தமிழ்ச்சொல். 'தற்பரிமாற்றம்' என்று ஆக்கலாம். தன் + கொலை தற்கொலை ஆவதுபோலப் புணர்ச்சி சரியாகவே இருக்கிறது. ஆனால் 'பரிமாற்றம்' இன்று தகவலுக்கும் பணத்துக்கும் போய்விட்டது. 'தற்பரிமாறல்' அதைவிடத் தெளிவு, ஆனால் கரண்டி ஊழியர் கைக்குப் போகும் நாளில் பொருள் தவறிவிடும். 'கையேந்தி விருந்து' நகைச்சுவைக்குச் சரி. ஆள் மேசைக்குப் போகிறார் என்ற அடிப்படையைக் காப்பது 'எடுத்துண்' என்ற வினையடி. அதிலிருந்து மூன்று பொருளுக்கும் மூன்று சொல் கிடைக்கிறது: பண்டம் வைத்த தட்டுமேடை 'எடுத்துண் மேசை', முறை 'எடுத்துண் விருந்து', கப்பலில் இருக்கும் இடம் 'எடுத்துண் கூடம்'. அழைப்பிதழில் 'இரவு 7 மணிக்கு எடுத்துண் விருந்து' என்று அச்சிட்டால் யாருக்கும் விளங்கும். கப்பலில் மட்டும், வழி கேட்கும்போது 'பஃபே எங்கே?' என்றே கேளுங்கள்.